எதிர்க்கடை கோவிந்தராசு கொண்டுவந்த பஞ்சம்

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் தெரிந்தால் உங்களுக்குக் கோபம் வரும். அந்த வருஷம் எங்கள் பக்கத்து ஜனங்கள் கையில் காசு வற்றிப்போனதற்குக் காரணம், என் தையல் கடைக்கு நேர் எதிரே புதிதாகத் தையல் கடை போட்ட கோவிந்தராசுதான் என்று ஏழு மாதம் மனப்பூர்வமாக நம்பினேன்.

மில், பஞ்சு விலை, கரண்ட் வெட்டு, டில்லி, எதுவும் இல்லை. கோவிந்தராசு. ஒரே ஆள். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். டேப் வைக்காமலே சொல்வேன், என் தொழில் அது.

எழுபதுகள் முடிந்துவிட்டனவா, எண்பதுகள் பிறந்துவிட்டனவா என்று கேட்காதீர்கள். பெல்பாட்டம் பேண்டின் அகலம் குறைந்துகொண்டே வந்த காலம். எனக்கு அதுதான் காலண்டர்.

ஒரு வெள்ளிக்கிழமை பகல். கடைக்கு மேலே தகரம் கொதிக்கிறது. நான் மெஷினை மிதிமிதியென்று மிதித்துக்கொண்டிருக்கிறேன். தெருமுனை வரைக்கும் சத்தம் கேட்கும். தீபாவளிக்கு முந்தின நாள்கூட அப்படி மிதித்ததில்லை.

ஊசியில் நூல் இல்லை. அடியில் பாபினிலும் இல்லை. ஒரு பழைய காடாத் துணியை உள்ளே கொடுத்து வெறுமனே ஓட்டிக்கொண்டிருந்தேன். எதிரே கோவிந்தராசுவும் தலை நிமிராமல் மிதித்துக்கொண்டிருந்தார். அவர் நிறுத்தினால் நானும் நிறுத்தி ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம். அவர் நிறுத்தவில்லை.

அப்போதுதான் என் மனைவி சரோஜாவின் அண்ணன் முருகேசன் வந்து சைக்கிளை நிறுத்தினார். தட்டாஞ்சாவடியில் ஒரு சின்ன கம்பெனியில் சூப்பர்வைசர். ரெக்சின் பை தைக்கிற கம்பெனி.

“மாப்ள, பெரிய ஆர்டர் வந்திருக்குது. தைக்க ஒரு ஆளு வேணும். ஒரே ஒரு எடம். மொதலாளிகிட்ட நம்ம வீட்டு ஆளுன்னு சொல்லிட்டேன். திங்கக்கெழம காலைல எட்டு மணிக்கு கேட்டுல நில்லு. எட்டேகாலுக்கு வந்தீன்னா வேற ஆளு ஒக்காந்திருப்பான்.”

“பையா? மச்சான், நான் சட்ட தைக்கிறவன்.”

“எந்த சட்ட?” என்று கடையைச் சுற்றிப் பார்த்தார். கம்பியில் ஆறு சட்டை தொங்கின. அதில் நான்கு என்னுடையவை. வீட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டியிருந்தேன்.

“இப்ப நான் கடைய மூடினா அவன் ஜெயிச்ச மாதிரி ஆயிடும்.”

“எவன்?”

கண்ணால் எதிரே காட்டினேன். மச்சான் திரும்பிப் பார்த்தார். வியர்த்து விறுவிறுத்து மிதிக்கும் கோவிந்தராசுவைப் பார்த்தார். வியர்த்து விறுவிறுத்து மிதிக்கும் என்னைப் பார்த்தார்.

“வீட்ல ரெண்டு புள்ளைங்க கீது. அரிசிப் பானைக்குள்ள எப்பனா எட்டிப் பாத்தியா?” என்றார். “திங்கக்கெழம. எட்டு மணி.” போய்விட்டார்.

ஒரு முழுக்கைச் சட்டையின் கதை

பஞ்சம் எப்படி ஆரம்பிக்கிறது என்று படித்தவர்கள் கோடு கோடாகப் படம் போட்டுச் சொல்வார்களாம். எங்கள் தெருவில் அது காலரில் ஆரம்பித்தது.

மில்லுக்குப் போகும் வழியில் என் கடை. அரியாங்குப்பத்திலிருந்தும் தவளக்குப்பத்திலிருந்தும் சைக்கிளில் வேலைக்கு வருகிறவர்கள் என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். போனஸ் வந்தால் அவர்களுக்குச் சட்டை. எனக்குக் கறிக்குழம்பு.

அவர்களில் தணிகாசலம் ஒருவர். வருஷா வருஷம் புதுத்துணியோடு வருகிறவர், அந்தத் தடவை போட்டுப் போட்டு நைந்த ஒரு சட்டையை நீட்டினார்.

“காலர திருப்பிக் குடு ஏழுமல.”

காலரின் மேல்பக்கம்தான் கழுத்து உரசித் தேயும். அதைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே வைத்துத் தைத்தால் சட்டைக்கு மறுபிறவி. நான் திருப்பிக் கொடுத்தேன். இவருக்கு இந்தச் சட்டை ராசியானது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் மூன்று காலர் வந்தது. அதற்கு மறுநாள் ஏழு. ஒரு மில்லுக்கே திடீரென்று பழைய சட்டை மேல் பாசம் வந்திருக்கிறதே என்றுதான் அப்போதும் தோன்றியது.

பிறகு முழுக்கைச் சட்டைகள் அரைக்கையாக மாற வந்தன. பிறகு பெல்பாட்டங்கள் வந்தன. அடியில் அகலத்தை வெட்டி எடுத்தால் சின்னப் பிள்ளைக்கு ஒரு டிரவுசர் தேறும். அத்தனை வருஷம் அவ்வளவு துணியைக் காலில் கட்டிக்கொண்டு திரிந்தது சேமிப்பு என்று அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

பிறகு அதுவும் வரவில்லை. வீட்டிலேயே பெண்கள் கை ஊசியால் தைத்துக்கொண்டார்கள்.

சங்குக்கு உடம்பு சரியில்லை

மில்லில் ஒரு நாளைக்கு மூன்று ஷிப்ட். ஒவ்வொன்றுக்கும் சங்கு ஊதும். திடீரென்று ஒரு சங்கு குறைந்தது. ஊதுகிறவருக்கு உடம்பு சரியில்லை போல என்று நினைத்தேன். அடுத்த மாதம் இன்னொன்று குறைந்தது. பாவம், பெரிய வியாதி என்று வருத்தப்பட்டேன்.

டீக்கடையில் ஒரு டீயை இரண்டு கிளாசில் ஊற்றிக் குடிக்க ஆரம்பித்தார்கள். ஒற்றுமை என்று பாராட்டினேன். மில் ஆட்கள் தாடியோடு திரிந்தார்கள். “மொத்த பேரும் மயிலம் கோயிலுக்கு வேண்டிக்கினாங்களா?” என்று முடிவெட்டுகிறவரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

சரோஜா மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

“ஏங்க, கொழாயடியில பேசிக்கிறாங்க. மில்லுக் கொடவுன்ல துணி மலையாட்டம் குமிஞ்சி கெடக்குதாம். வாங்க ஆளு இல்லியாம்.”

“துணி குமிஞ்சி கெடந்தா நல்லதுதானே? தைக்க நம்மகிட்டதானே வரணும்?”

அவள் காஜா எடுப்பதைத் தொடர்ந்தாள். சட்டைக்குப் பொத்தான் ஓட்டை கட்டுவதும், ஓரம் அடிப்பதும், நான் வெளியே போனால் மெஷினில் உட்கார்ந்து மீதியை முடிப்பதும் அவள்தான். வெளியே கேட்டால், “வீட்ல சும்மா கைவேல பாப்பா” என்று சொல்வேன். அவ்வளவு பெரிய மனசு எனக்கு.

பூசணிக்காய்ப் போர்

ஆக, வியாபாரம் படுத்ததற்கு ஒரு காரணம் வேண்டும் அல்லவா? கண்ணெதிரே கிடைத்தது.

முதல் சங்கு நின்ற அதே வாரத்தில்தான் கோவிந்தராசு கடை திறந்தார். தவளக்குப்பம் பக்கத்தில் ஏதோ கிராமம். பச்சை பெயிண்ட் அடித்த பலகை, புது மெஷின், வாசலில் ஒரு முழுநீளக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் என் கடையே தெரிந்தது. என் கடையை நான் அதற்கு முன் வெளியிலிருந்து பார்த்ததில்லை. பார்த்தபிறகு எனக்கே உள்ளே நுழையத் தோன்றவில்லை.

வாடிக்கையை இழுத்துவிட்டான் என்று முடிவு கட்டினேன். கடை வாசலில் கண் திருஷ்டிக்குப் பூசணிக்காய் கட்டினேன். மறுநாள் எதிரே அதைவிடப் பெரியது தொங்கியது. நான் எலுமிச்சையும் மிளகாயும் கோத்தேன். அவரும் கோத்தார், இரண்டு மிளகாய் கூடுதலாக. அந்த மாதம் எங்கள் தெருவில் வியாபாரம் நடந்த ஒரே ஆள் காய்கறிக்காரம்மாதான்.

ஒரு நாள் காலையில் நான் கடை திறக்கும் முன்பே எதிரே மெஷின் சத்தம். யாருக்கு இவ்வளவு தைக்கிறான்? நானும் உட்கார்ந்து ஓட்ட ஆரம்பித்தேன். தைக்க ஒன்றும் இல்லையே என்பதற்காக விட்டுக்கொடுக்க முடியுமா? அவனுக்குக் கேட்கட்டும்!

அன்றிலிருந்து காலை ஆறரைக்குக் கடை திறப்பேன். சாயங்காலம் வரைக்கும் மிதிப்பேன். என் வாழ்க்கையில் நான் அதிகமாக உழைத்தது வேலையே இல்லாத அந்த மாதங்களில்தான். தொடை மட்டும் பயில்வான் தொடை. மற்றதெல்லாம் இளைத்துவிட்டது. என் பேண்டை நானே இரண்டு தடவை பிடித்துத் தைத்துக்கொண்டேன். அதையும் வரவு என்று அளவு நோட்டில் எழுதியிருந்தேன்.

கோட்டு எனக்கு, பாந்தலோன் அவருக்கு

இடையில் ஒரே ஒரு வாடிக்கையாளர் வந்தார். அந்துவான் முசியே.

எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களைச் சொல்தா என்போம். முசியேவும் ஒரு சொல்தா. அவர்களுக்குப் பென்ஷன் கடல் தாண்டி வரும். மில்லில் சங்கு ஊதினாலும் ஊதாவிட்டாலும் வரும்.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றி ஒரு வரி. பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒரு காலத்தில் கெடு வைத்தார்கள். அப்பாவும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு எழுதிக் கொடுக்கக் கிளம்பினார். வரிசை நீளமாக இருந்ததாம். பக்கத்துக் கொட்டகையில் பகல் ஆட்டம் தொடங்க மணி அடித்ததாம். படம் நன்றாக இருந்தது என்று சாகிற வரைக்கும் சொன்னார். அதனால்தான் நான் கோட்டு போடுகிறவனாக ஆகாமல் கோட்டு தைக்கிறவன் ஆனேன்.

ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய தின அணிவகுப்புக்கு முசியேவுக்குப் புதுக் கோஸ்த்யூம் வேண்டும், கோட்டும் பேண்டுமாக. தெருவுக்கு நடுவே நின்று இரண்டு கடையையும் பார்த்தார். இரண்டு பேரும் அவரவர் வாசலில் கழுத்தில் டேப்போடு நின்றோம். அவருக்கே பரிதாபமாகிவிட்டது.

“கோட்டு உனக்கு, பாந்தலோன் அவனுக்கு. சண்ட போடாதீங்க.”

சண்டை போடவில்லை. தைத்தோம். கோவிந்தராசுவின் வேலை வெளியே தெரியக்கூடாது என்று கோட்டை நான்கு விரல் கீழே இறக்கினேன். என் கோட்டுக்குக் கீழே தன் வேலை பளிச்சென்று தெரிய வேண்டும் என்று அவர் பாந்தலோனைக் கண்டபடி அகலமாக்கியிருந்தார். கடைசியில் கோட்டு முழங்காலைத் தொட்டது. பாந்தலோன் தெருவைப் பெருக்கியது.

முசியே கோவிந்தராசுவின் கண்ணாடியில் தன்னைத்தானே ரொம்ப நேரம் பார்த்தார்.

“மொன் தியே! கடவுளே! நான் இந்தோசீன்ல சண்ட போட்டவன்டா. அங்ககூட ரெண்டு பக்கமும் சேந்து அடிக்கல.”

அந்த வருஷம் அவர் பழைய கோட்டில் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு ‘சரி’

மச்சான் வந்துவிட்டுப் போனதற்கு மறுநாளுக்கு மறுநாள், ஞாயிறு மத்தியானம். தட்டில் கஞ்சி. தொட்டுக்கொள்ள ஒரு வடகம். ஒன்றுதான். அதைப் பெரியவள் உடைத்து, பெரிய துண்டைத் தம்பிக்குத் தள்ளினாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

“நாளைக்குப் போறீங்களா, இல்லியா?” என்றாள் சரோஜா.

“ஒரு மாசம் பொறு. அவன் மூடிடுவான். மொகமே வாடிப் போச்சு அவனுக்கு.”

“உங்க மொகத்த பாத்தீங்களா?”

“இத்தினி வருசம் வச்சிருந்த கடைய உட்டுட்டு, போயி பை தைக்கச் சொல்றியா? ஊர்ல நாலு பேரு இன்னா சொல்லுவான்?”

“அந்த நாலு பேரு வந்து ஒல வைப்பானா? அண்ணன் ஒரே ஒரு எடம்தான் வச்சிருக்குது. நாளைக்கு உட்டா போச்சு.”

“போனா போவட்டும். நான் போவ மாட்டேன்.”

“சரி” என்றாள்.

பத்து வருஷக் குடும்பத்தில் அவள் ஒரே சொல்லில் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து, மிச்சக் கஞ்சியையும் குடித்தேன்.

பாய் கேட்ட கேள்வி

திங்கட்கிழமை. வழக்கம்போல் ஆறரைக்கு வந்து மிதிக்க ஆரம்பித்துவிட்டேன். எட்டு மணி ஆனது. இன்னும் வேகமாக மிதித்தேன்.

பத்து மணி இருக்கும். நூல் பாய் வந்தார். சைக்கிள் கேரியரில் பெரிய பெட்டி கட்டிக்கொண்டு தையல் கடை தையல் கடையாக நூலும் பொத்தானும் ஜிப்பும் போடுகிறவர். உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“மாஸ்டரு, ஒரு சந்தேகம். பொங்கலுக்கு அப்புறம் நீ எங்கிட்ட ஒரு ரீலு நூல் வாங்கல.”

“ஸ்டாக் இருக்குது பாய்.”

“எதிர்க்கடைக்காரனும் வாங்கல. அவனும் ஸ்டாக் இருக்குதுன்றான். இந்தத் தெருவுல காலைலேர்ந்து சாயந்தரம் வரிக்கும் ரெண்டு மெஷினும் ரயிலு மாதிரி ஓடுது. நூலு மட்டும் தீரவே மாட்டேங்குது. அது இன்னாய்யா நூலு? எங்கன கெடைக்குதுன்னு சொல்லு, நானும் வாங்கிக்கிறேன்.”

என் கால் நின்றது. எனக்குத் தெரியாமலே நின்றது. நான் நிறுத்திய அடுத்த நொடி எதிரேயும் சத்தம் நின்றது. ஏழு மாதத்தில் முதல் தடவை அந்தத் தெரு அமைதியானது. டீக்கடைக்காரர் என்னவோ ஏதோ என்று வெளியே வந்து பார்த்தார்.

“அவனும் சும்மாதான் ஓட்டுறானா?” என்றேன்.

“நீயும் சும்மாதானே ஓட்டுற?” என்றார் பாய். பிறகு குரலைத் தாழ்த்தி, “நானும்தான். பெட்டியில ஒண்ணும் இல்ல. வீட்ல ஒக்காந்திருந்தா பொஞ்சாதி பயப்படுவா. அதான் கட்டிக்கினு சுத்துறேன்.”

தெருவைத் தாண்டினேன். கோவிந்தராசு எழுந்து நின்றார். அடிக்க வருகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும், கையில் கஜக்கோல் இருந்தது. அவர் மெஷினில் ஒரு காடாத் துணி. சல்லடை மாதிரி ஓட்டை. நான் என்னுடையதைத் தூக்கிக் காட்டினேன். என் ஓட்டைகள் நேர் வரிசை. அவருடையது கோணல். அந்த நேரத்திலும் எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

“மாஸ்டர், உங்க கடை சத்தம் கேட்டு கேட்டு எனக்கு சோறு எறங்கல. இந்த மனுசன் எல்லாரையும் இழுத்துக்கினாரேன்னு…”

“நானா? தணிகாசலம் உங்கிட்டதானே தைக்கிறாரு?”

“யாரு தணிகாசலம்?”

பாய் பின்னாலேயே வந்து நின்றிருந்தார். “அவரு எங்கியும் தைக்கல. மில்லுல லே-ஆஃப் குடுத்து மூணு மாசம் ஆவுது. அரியாங்குப்பத்துல மீன் கூடை தூக்குறாரு. ஒங்களுக்குத் தெரியாதா? ஊரே பேசுதே.”

எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. எங்களுக்குத்தான் மெஷின் சத்தத்தில் எதுவுமே காதில் விழவில்லையே.

கோவிந்தராசு சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே இருந்தவர், சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இப்ப இன்னா மாஸ்டர் பண்றது?” என்றார்.

அப்போதுதான் எனக்கு மச்சானின் தட்டாஞ்சாவடி கம்பெனி ஞாபகம் வந்தது.

கேட்டுக்கு உள்ளே

பாயின் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு ஓட்டினேன். காலிப் பெட்டி பின்னால் டமடமவென்று அடித்தது. ஊருக்குத் தெற்கிலிருந்து வடக்குக் கோடி வரைக்கும் நெஞ்சு அதைவிட அதிகமாக அடித்தது. ஏழு மாதம் மிதித்த கால் அன்றைக்குத்தான் ஒரு இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கம்பெனி கேட்டில் மச்சான் நின்றிருந்தார். அவர் காலில் விழாத குறை.

“மச்சான், தப்பாயிடுச்சி. அவனும் சும்மாதான் ஓட்டியிருக்கான். நான் வந்துட்டேன். எந்த மெஷின்னு சொல்லு.”

“எடம் போயிடுச்சி மாப்ள. எட்டு மணிக்கே ஆளு வந்து ஒக்காந்தாச்சு.”

“எவன் அவன்?”

“போயி பாரு.”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாலாவது மெஷினில் சரோஜா. வளையலை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டு, கருப்பு ரெக்சினை ஊசிக்கடியில் திருப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முடித்த பைகள் அடுக்கி இருந்தன. தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வெட்கப்படுவாள் என்று நினைத்தேன்.

“ஆறு மணிக்குத்தான் உடுவாங்க. புள்ளைங்க நாலு மணிக்கு வந்துடும். சோறு வடிச்சி வச்சிடுங்க” என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள்.

மூன்றாவது சங்கும் நின்று மூடிக்கிடந்த மில் அடுத்த வருஷம் திறந்தது, பாதி ஆட்களோடு. தணிகாசலத்தைத் திரும்ப எடுக்கவில்லை. கோவிந்தராசு கடையை மூடிக்கொண்டு தவளக்குப்பம் பக்கமே போனார். என் வாடிக்கையாளர் ஒருவர்கூட அவரிடம் போயிருக்கவில்லை. அவருக்கு அடுத்த மாதம் நானும் மூடினேன். சரோஜா அந்தக் கம்பெனியில் பதினாறு வருஷம் வேலை செய்தாள். அவள் சம்பளத்தில்தான் நாங்கள் நான்கு பேரும் சாப்பிட்டோம்.